பழைய திருட்டு அலாரத்துக்கு ரிப்பேரே கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லீவு சீசன் வந்தாலே உங்க பேப்பர்ல சென்னை செய்தி போடற பக்கத்துல பூட்டின வீட்டுல திருட்டுன்னு செய்தி வருது, மறுநாளே வாசகர் கடிதத்துல சிசிடிவி வைங்க சிசிடிவி வைங்கன்னு நாலு பேரு எழுதறாங்க. வைக்கட்டும், வேணாங்கல. ஆனா கேமரா திருடன படம் புடிக்கும், நிறுத்தாது. அவன் மூஞ்சில கர்சீப் கட்டிட்டு வருவான், கேமராவ சுவர பாக்க திருப்பி விடுவான், இன்னும் கொஞ்சம் விவரமானவன்னா போகும்போது படம் பதிவாகற டிவிஆர் பெட்டியையே கழட்டிட்டு போயிடுவான். நடுராத்திரில தெருவ எழுப்பி விடறது அலாரம்தான். நான் புதுசா அலாரம் வாங்குங்கன்னு சொல்ல வரல. ஏற்கனவே காசு கொடுத்து வாங்கி, சுவத்துல மாட்டி, இப்ப பேச்சு மூச்சு இல்லாம தொங்கிட்டு இருக்கே பழைய அலாரம், அத பத்திதான் இந்த லெட்டர்.

நான் இருக்கறது நங்கநல்லூர். இந்த பக்கம், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் எல்லாம் தனி வீடுங்க நிறைய, பசங்க வெளிநாட்டுலயோ பெங்களூர்லயோ இருக்காங்க, வீட்டுல பெரியவங்க ரெண்டு பேரு, அதனால 2005லேருந்து ஒரு ஏழெட்டு வருஷம் வீட்டுக்கு வீடு அலாரம் மாட்டினாங்க. எங்க வீட்டுலயும் மாமனார் 2009ல மாட்டினாரு. தெருவுல நடந்து போனா போர்ட்டிகோ மேல துரு புடிச்ச ஹூட்டர் பெட்டி, அதாவது சைரன் மாதிரி கத்தற பெட்டி, வரிசையா தெரியும். அதுல எது வேலை செய்யுதுன்னு கேட்டு பாருங்க, "அதுவா, அது போய் எவ்ளோ நாளாச்சு"ன்னுதான் பதில் வரும். ஏங்க ரிப்பேர் பண்ணலன்னு கேட்டா எல்லாரும் சொல்றது ஒரே கதை, கம்பெனிக்கு போன் பண்ணோம், அந்த மாடல் இப்ப வரதில்ல, ஸ்பேர் கிடையாது, மொத்தமா மாத்தணும்னு சொல்லிட்டாங்க, விட்டுட்டோம்.

எங்களுக்கும் அதேதான் சொன்னாங்க. வந்த பையன் பெட்டிய திறக்கவே இல்ல சார். கீபேட்ல நாலு பட்டன அமுக்கி பாத்தாரு, மொபைல்ல போட்டோ எடுத்தாரு, சாயங்காலம் வாட்ஸப்ல ஒரு கொட்டேஷன் வந்துது. 32,000 ரூபா, அதுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, அது போக வருஷா வருஷம் ஏஎம்சி, அதாவது பராமரிப்பு கட்டணம். என்ன கெட்டுப்போச்சுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. செருப்பு வார் அறுந்துபோச்சேன்னு தைக்க கொண்டு போனா, தைக்கிறவரு ஷோரூமுக்கு வழி சொல்லி அனுப்பற கதைதான் இது.

அப்புறம் எங்க ஏரியால இன்வெர்ட்டர், சிசிடிவி வேலை எல்லாம் பாக்கற ஒரு தம்பிய கூப்பிட்டோம். ஐடிஐ எலக்ட்ரானிக்ஸ் முடிச்சவரு. அவரு செஞ்ச மொத காரியம் எம்சிபி சுவிட்ச ஆஃப் பண்ணி கரண்ட நிறுத்திட்டு, அலாரத்தோட மூளையான பேனல் பெட்டிய திறந்தது. உள்ள என்ன இருந்துதுன்னு சொல்றேன், ஏன்னா பழைய அலாரம் வெச்சிருக்கற முக்கால்வாசி பேரு வீட்டுல இதேதான் இருக்கும். ஒரு கறுப்பு பேட்டரி, பக்கமெல்லாம் வீங்கி பெட்டியோட ஒட்டிக்கிட்டு இருந்துது, டெர்மினல்ல வெள்ளையா பூத்து போயிருந்துது. அதுக்கு கீழ பல்லி முட்டை ஓடு ரெண்டு. சர்க்யூட் போர்டு மட்டும் புதுசா வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு. "அக்கா, போர்டுக்கு ஒண்ணும் இல்லக்கா, பேட்டரி செத்து வருஷமாச்சு"ன்னாரு. மீட்டர் வெச்சு சார்ஜர் வோல்டேஜ் பாத்தாரு, 13.6. அது சரியா இருக்காம், 13.5லேருந்து 13.8க்குள்ள வந்தா சார்ஜர் நல்லா இருக்குன்னு அர்த்தம். பேட்டரிய தனியா கழட்டி பாத்தா பத்து வோல்ட் சொச்சம். 12 வோல்ட் பேட்டரி பத்துக்கு வந்துட்டா அத குப்பைன்னுதான் சொல்லணும்.

அந்த பேட்டரி ஒண்ணும் அபூர்வ சாமான் இல்ல. 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் ஹவர், எவ்ளோ கரண்ட் சேர்த்து வெக்கும்ங்கற கணக்கு), சீல் பண்ண லெட் ஆசிட் பேட்டரி. வீட்டு கம்ப்யூட்டருக்கு வைக்கறோமே சின்ன யுபிஎஸ், அதுக்குள்ள இருக்கறதும் இதே சைஸ்தான். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த பேட்டரி கடைல கேட்டாலும் எடுத்து வைப்பாங்க. நாங்க கொடுத்தது 1,150 ரூபா. எந்த கம்பெனி அலாரமா இருந்தாலும் வயர் போட்ட பழைய சிஸ்டம்னா பெரும்பாலும் இந்த பேட்டரிதான் இருக்கும், "ஸ்பேர் வரதில்ல"ங்கற பேச்சே இங்க எடுபடாது.

இந்த பேட்டரி நல்ல நிலைமைல இருந்தாலே மூணுலேருந்து அஞ்சு வருஷம்தான் வரும், அதுவும் 25 டிகிரி குளிர்ச்சில இருந்தா. அதுக்கு மேல ஒவ்வொரு எட்டு பத்து டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல பேனல எங்க மாட்டுவாங்க? மாடிப்படிக்கு அடில, காத்தே வராத அலமாரிக்குள்ள, இல்லன்னா லாஃப்ட்ல. சித்திரை வைகாசில அங்க கைய வெச்சு பாத்தா தெரியும். நம்ம ஊருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடறதுதான் புத்திசாலித்தனம். எந்த ஏஎம்சிக்காரராவது இத வாய விட்டு சொல்லியிருக்காரா?

கரண்ட் இருக்கும்போது அலாரம் ஓடுதே, அப்புறம் பேட்டரி எதுக்குன்னு எங்க அத்தை கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஆனா நம்ம வீடுங்கள்ல ஈபி மீட்டர் பெட்டியும் மெயின் சுவிட்சும் எங்க இருக்கு? கேட் பக்கத்துல, போர்ட்டிகோல, போற வர்றவன் கைக்கு எட்டற இடத்துல. திருட வர்றவன் அத ஆஃப் பண்ணிட்டுதான் உள்ள வருவான். அப்ப அலாரத்துக்கு உசிரே இந்த பேட்டரிதான். பேனலும் சென்சாரும் சேர்த்து ஒரு 150, 200 மில்லி ஆம்ப் இழுக்கும், நல்ல 7 ஏஎச் பேட்டரி ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தாராளமா தாங்கும். செத்த பேட்டரி அஞ்சு நிமிஷம் தாங்காது, ஹூட்டர் கத்த ஆரம்பிச்சா ஒரு ஆம்ப் பக்கமா இழுக்கும், அப்ப அஞ்சு செகண்ட்லயே படுத்துடும். இன்னொரு கொடுமை, பேட்டரி சாகற நேரத்துல வோல்டேஜ் ஏறி இறங்கறதால சில பேனல் காரணமே இல்லாம அர்த்த ராத்திரில கத்தும். அக்கம் பக்கத்துல திட்டு வாங்கிட்டு நாமளே பியூஸ புடுங்கி போட்டுடறோம். தெருவுல பாதி அலாரம் செத்தது இப்படித்தான்.

அடுத்தது கதவு சென்சார். கதவு நிலைல ஒரு சின்ன வெள்ள கட்டி, கதவுல இன்னொரு கட்டி, ஒண்ணுல ரீட் சுவிட்ச், இன்னொண்ணுல காந்தம். கதவ மூடினா காந்தம் சுவிட்ச இழுத்து புடிக்கும், திறந்தா விட்டுடும். இதுல கெட்டுப்போக என்ன இருக்குன்னு தோணும். ஐப்பசி கார்த்திகை மழைல தேக்கு கதவு உப்பும், நிலை கொஞ்சம் நகரும், ரெண்டு கட்டிக்கும் நடுவுல இடைவெளி ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டர தாண்டிச்சுன்னா சென்சார் கதவு திறந்திருக்குன்னு நெனச்சுக்கும். ஸ்க்ரூவ லூஸ் பண்ணி நகர்த்தி வெச்சா முடிஞ்சுது, பைசா செலவில்ல. இரும்பு கேட்டு, ஷட்டர்ல சாதா சென்சார் வெச்சிருந்தா அந்த இரும்பே காந்தத்தோட இழுப்ப குறைச்சிடும், அதுக்குன்னு தனியா பெரிய சைஸ் சென்சார் இருக்கு, கேட்டு வாங்கணும். எங்க வீட்டுல ரெண்டு சென்சார் நிஜமாவே போயிருந்துது, ரெண்டும் சேர்த்து 240 ரூபா.

இங்க ஒரு திருட்டுத்தனம் நடக்குது, அதையும் எழுதறேன். சென்சார் ஒண்ணு போச்சுன்னா சில டெக்னீஷியன்ங்க அத மாத்தறதில்ல. ரெசிஸ்டர் (கரண்ட கொஞ்சம் தடுக்கற சின்ன பாகம்) இல்லாம ஓடற பேனல்னா, அந்த ஜோனோட, அதாவது அந்த சென்சாருக்கு போற லைனோட, ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயர் போட்டு ஜாயின் பண்ணிடுவாங்க, இல்லன்னா லைனோட கடைசில இருக்க வேண்டிய ரெசிஸ்டர பேனலுக்குள்ளயே சொருகிடுவாங்க. கீபேட்ல எல்லாம் பச்சையா காட்டும், விசிட் சார்ஜ் வாங்கிட்டு போயிடுவாங்க. அந்த கதவ உடைச்சு உள்ள வந்தாலும் அலாரத்துக்கு தெரியவே தெரியாது. எங்க பேனல்லயே பின்கதவு ஜோன் இப்படித்தான் இருந்துது, எப்ப யாரு செஞ்சதுன்னு மாமனாருக்கே ஞாபகம் இல்ல. அந்த ரெசிஸ்டர் சின்ன குண்டுமணி அளவுதான் இருக்கும், மேல கலர் கோடு போட்டிருக்கும், மூணு சிவப்பு கோடுன்னா 2.2 கிலோ ஓம், மஞ்சள் ஊதா சிவப்புன்னா 4.7 கிலோ ஓம், பேனலுக்கு பேனல் மாறும். அது இருக்க வேண்டிய இடம் லைனோட கடைசில, சென்சாருக்குள்ள. அப்பதான் வழில யாராவது வயர கட் பண்ணாலும் சரி, ரெண்ட சேர்த்து வெச்சாலும் சரி, பேனலுக்கு வித்தியாசம் தெரியும். அதனால ரிப்பேர் முடிஞ்சதும் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, டெக்னீஷியன பக்கத்துல நிக்க வெச்சுட்டு, அலாரத்த ஆன் பண்ணி ஒவ்வொரு கதவா ஒவ்வொரு ஜன்னலா நீங்களே திறந்து பாருங்க. ஹூட்டர் கத்துதேன்னு வெக்கப்படாதீங்க, பக்கத்து வீட்டுல மொதல்லயே சொல்லிடுங்க.

மோஷன் சென்சார பத்தி ரொம்ப எழுதல. அது கேமராவும் இல்ல ஒண்ணும் இல்ல, உடம்பு சூடு நகர்றத பாக்கற ஒரு கருவி. முன்னாடி இருக்கற பிளாஸ்டிக் லென்ஸ்ல பல்லி ஊர்ந்தா கத்தும், உள்ள எறும்பு கூடு கட்டினா கத்தும். ஈரத்துணியால தொடச்சு, வயர் நுழையற ஓட்டைய கொஞ்சம் சிலிக்கான் வெச்சு அடைச்சா பாதி தொல்ல தீரும். ஒண்ணு மட்டும் நம்ம ஊர்க்காரங்க தெரிஞ்சுக்கணும், மே மாசம் ஃபேன் ஏசி இல்லாம பூட்டின ரூம் ராத்திரி கூட 34, 35 டிகிரில இருக்கும், மனுஷன் தோலோட சூடும் அவ்ளோதான், அப்ப இந்த சென்சாருக்கு ஆள் நடந்தாலும் வித்தியாசம் சரியா தெரியாது. லீவுக்கு வீட்ட பூட்டிட்டு ஊருக்கு போறதும் அதே மே மாசம்தான். அதனால மோஷன் சென்சார மட்டும் நம்பாம கதவு சென்சார ஒழுங்கா வெச்சுக்கறதுதான் முக்கியம், அதுதான் விலையும் கம்மி.

போன் டயலர் ஒரு தனி கதை. 2009ல மாட்டினது லேண்ட்லைன்ல இருந்து நாலு நம்பருக்கு தானா போன் பண்ற மாதிரி. அப்புறம் லேண்ட்லைன் ஃபைபர் ஆச்சு, லைன்மேன் வந்து பழைய காப்பர் வயர எடுத்துட்டு மோடம் மாட்டிட்டு போயிட்டாரு, அலாரத்துக்கு போற வயர யாரும் கவனிக்கல. இப்ப அந்த வயர மோடத்துக்கு பின்னாடி இருக்கற போன் போர்ட்ல சொருகினா பெரும்பாலும் வேலை செய்யும், ஆனா கரண்ட் போனா மோடமும் போயிடும், அதுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வெச்சாதான் அர்த்தம். சிம் போடற டயலர் வெச்சிருக்கறவங்களுக்கு வேற தொல்ல. பழைய டயலர் எல்லாம் 2ஜில ஓடறது, ஜியோல 2ஜியே கிடையாது, அந்த சிம்ம போட்டுட்டு டயலர் கெட்டுப்போச்சுன்னு சொல்றவங்க நிறைய பேரு. ஏர்டெல், விஐ (பழைய வோடஃபோன்), பிஎஸ்என்எல் சிம் போட்டு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. சிம்ம போட்டுட்டு மறந்துடவும் கூடாது. 90 நாள் ஒரு கால் கூட இல்லாம, பேலன்ஸும் 20 ரூபாய்க்கு கீழ இருந்தா நம்பர கட் பண்ணிடலாம்னு ட்ராய், அதாவது டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையத்தோட ரூல் இருக்கு. அலாரம் அடிச்சாதான் கால் போகும், அடிக்காம இருக்கறதுதானே நமக்கு வேணும், அதனால மாசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் கால் போட வெச்சிடுங்க.

இதெல்லாம் முடிஞ்சுது சார், பேட்டரி 1,150, சென்சார் 240, வெளில இருந்த ஹூட்டர் துரு புடிச்சு போனதால புதுசு 450, தம்பிக்கு கூலி 1,200. மொத்தம் 3,040 ரூபா. 32,000 எங்க, இது எங்க.

ஆனா ஒரு இடத்துல மாட்டிக்கிட்டோம், இந்த லெட்டர் எழுதறதுக்கு காரணமே அதுதான். டயலர்ல இருந்த பழைய நம்பர மாத்தணும், மாமனாரோட நண்பர் ஒருத்தர் நம்பர் இருந்துது, அவரு இப்ப இல்ல. நாம தினமும் ஆன் ஆஃப் பண்றதுக்கு ஒரு கோட் வெச்சிருக்கோம், அது வேற. நம்பர மாத்தறது, ஜோன மாத்தறது, வெளில போக எத்தன செகண்ட் டைம் கொடுக்கணும்ங்கறது, இதுக்கெல்லாம் இன்ஸ்டாலர் கோட்னு இன்னொண்ணு வேணும். அது மாட்டின கம்பெனி கிட்டதான் இருக்கும். போன் பண்ணி கேட்டோம். "கஸ்டமருக்கு தர மாட்டோம் மேடம், பாலிசி"ன்னாங்க. சரி நீங்களே வந்து மாத்தி கொடுங்கன்னா, "அந்த மாடலுக்கு சர்வீஸ் நிறுத்திட்டோம்"ங்கறாங்க. அப்ப சர்வீஸும் பண்ண மாட்டீங்க, பண்றவருக்கு கோடும் கொடுக்க மாட்டீங்க. 2009ல முழு காசும் கொடுத்து வாங்கின பொருள் சார் இது, இஎம்ஐ பாக்கி கூட கிடையாது. பாதுகாப்புக்காக தர்றதில்லன்னு ஒரு சமாதானம் சொன்னாங்க. வீட்டுக்காரங்க கிட்ட இல்லாம, வேலைய விட்டு போன பழைய ஸ்டாஃப் அத்தன பேரு மண்டைலயும் இருக்கற கோடு யாருக்கு பாதுகாப்பு? நிறைய கம்பெனில எல்லா வீட்டுக்கும் ஒரே கோடதான் போடறாங்கன்னு தம்பி சொன்னாரு, கேட்டதும் பகீர்னு ஆயிடுச்சு.

சில பேனல்ல போர்டுல ரெண்டு பின்ன ஷார்ட் பண்ணி கரண்ட் கொடுத்தா எல்லாம் ஃபேக்டரி செட்டிங்குக்கு வந்துடும், மேனுவல்ல போட்டிருக்கும், மேனுவலும் நெட்ல தேடினா கிடைக்கும். எங்களது அப்படி ரீசெட் ஆனதால தப்பிச்சோம். ஆனா அந்த ரீசெட்டையே லாக் பண்ணி வெக்கற வசதியும் சில பேனல்ல இருக்கு, மாட்டறவங்க அத போட்டுட்டாங்கன்னா நல்ல போர்ட கூட தூக்கி போட வேண்டியதுதான். எதிர்வீட்டு சாருக்கு அதுதான் ஆச்சு, எல்லாம் நல்லா இருந்தும் புது பேனல் வாங்கினாரு. சென்சார், வயர் எல்லாம் பழசையே வெச்சு பேனல மட்டும் மாத்தினாரு, அது ஒரு நல்ல வழி, வயர் போட்ட சென்சார் பெரும்பாலும் எந்த பேனலோடயும் சேரும். மொத்தமா மாத்தணும்னு சொல்றவங்க இத சொல்ல மாட்டாங்க.

எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணுங்கன்னும் நான் சொல்லல. வெள்ளத்துல மூழ்கின பேனல், போர்டுல பச்சை பூத்து தடம் அரிச்சு போயிருந்தா விட்டுடுங்க, இன்னிக்கு ஓடும் நாளைக்கு காலை வாரும். வயர் இல்லாத சென்சாரா இருந்து அந்த கம்பெனியே மூடிட்டு போயிருந்தாலும் கஷ்டம், அந்த சென்சார் வேற பேனலோட பேசாது. மத்தபடி வயர் சிஸ்டம்னா மொதல்ல பேட்டரி, அப்புறம் சென்சார், அப்புறம் ஹூட்டர், கடைசிலதான் போர்டு, இந்த வரிசைல பாக்க சொல்லுங்க. கொட்டேஷன்ல எது கெட்டுப்போச்சு, அதுக்கு எவ்ளோன்னு தனித்தனியா எழுதி கேளுங்க, எழுத மாட்டேன்னா வேற ஆள பாருங்க. பேட்டரி வாங்கும்போது மேல தேதி பாருங்க, கடைல வருஷக்கணக்கா தூங்கினத தலைல கட்டிடுவாங்க, கடைலயே மீட்டர் வெக்க சொல்லி 12.6க்கு மேல இருந்தா எடுங்க. பழைய பேட்டரிய குப்பைத்தொட்டில போடாதீங்க, உள்ள ஈயம் இருக்கு, 2022லயே பேட்டரி வேஸ்ட் ரூல்ஸ் வந்தாச்சு, கடைக்காரரே எடுத்துக்கிட்டு ஏதோ கொஞ்சம் கழிச்சும் தருவாரு. அப்புறம் வேலை முடிஞ்சு டெக்னீஷியன் வாசல தாண்டினதும் நம்ம கோட மாத்திடணும், எவ்ளோ நல்ல தம்பியா இருந்தாலும் சரி.

மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலைல ரைட் டு ரிப்பேர்னு, அதாவது வாங்கின பொருள ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்காக, கமிட்டி போட்டு, அந்த வருஷம் டிசம்பர் 24ம் தேதி ஒரு போர்ட்டலும் திறந்தாங்க. விவசாய கருவி, மொபைல் டேப்லெட், வீட்டு உபயோக சாமான், கார் பைக், இந்த நாலு துறைய எடுத்திருக்காங்க. கம்பெனிங்க மேனுவல், ஸ்பேர், சர்வீஸ் விவரம் எல்லாத்தையும் அதுல போடணும்ங்கறதுதான் நோக்கம். நல்ல விஷயம். வீட்டுக்கு பாதுகாப்புன்னு விக்கற சாமானையும் அதுல பேர் சொல்லி சேர்க்கணும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் ஆனா பால் கெடும், அவ்ளோதான், அலாரம் ரிப்பேர் ஆனது திருடன் வர்ற வரைக்கும் தெரியவே தெரியாது. அதுவரைக்கும் கம்பெனி மேல கோவம் இருக்கறவங்க 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் இருக்கற வழக்குக்கு ஃபீஸே கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல.

உங்க கிட்ட கேக்கறது ஒண்ணுதான் சார். அடுத்த தடவ பூட்டின வீட்டுல திருட்டுன்னு செய்தி போடும்போது, அந்த வீட்டுல அலாரம் இருந்துதா, இருந்தும் ஏன் அடிக்கலன்னு உங்க ரிப்போர்ட்டர ஒரு வார்த்தை கேட்டு எழுத சொல்லுங்க. ஊருக்கு போகும்போது லோக்கல் ஸ்டேஷன்ல சொல்லிட்டு போங்க, ரோந்துல பாத்துக்கறோம்னு போலீஸ் பல வருஷமா சொல்றாங்க, அதோட பேட்டரிய பாத்துட்டு போங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கலாம். அலாரம் மாட்டற கம்பெனிக்காரங்க யாராவது இத படிச்சிட்டு பதில் எழுதினா அதையும் கட்டாயம் போடுங்க. இன்ஸ்டாலர் கோடையும் எந்த வயர் எங்க போகுதுன்னு ஒரு படத்தையும் பில்லோட சேர்த்து வீட்டுக்காரங்க கைல கொடுக்கறதுல அவங்களுக்கு என்ன நஷ்டம், அத மட்டும் அவங்க சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நங்கநல்லூர், சென்னை.